சொட்டு ஏறாதவர்கள்

பங்குனி வெயிலிலும் செங்கரட்டுப் பள்ளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். கணுக்கால் நனையும் அளவுதான் தண்ணீர். ஆனாலும் ஓட்டம் இருந்தது. டாக்டர் மரகதவல்லி பாலத்தின் மேல் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். ஓரத்தில் நாணல் முளைத்திருந்தது. கொக்கு ஒன்று அசையாமல் நின்று மீனுக்குக் காத்திருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு இதே இடத்தில் அவள் பார்த்தது எச்சில் இலையும் தெர்மாகோல் தட்டும் அடைத்துக் கிடந்த வறண்ட குழியை. சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் முழங்கால் வலித்தது, தூக்கம் போதவில்லை, இன்னும் ஒரு வாரம் இந்த ஊரில் தங்கியாக வேண்டும். மறுபடி ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

செங்கரடு ஒரு காலத்தில் விருந்துக்குப் பேர்போன ஊர். வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் அங்கே மரியாதைக்குறைவு. உட்கார்ந்தவர் முன்னால் பலகாரம் குவியும்; தின்னாமல் எழுந்தால் வீட்டுக்காரருக்கு அவமானம், எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டாலோ பற்றவில்லை என்று அர்த்தமாகி இன்னும் பெரிய அவமானம். ஆகவே எப்போதும் மிஞ்ச வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சீர், கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் மிஞ்சியது. மிஞ்சியது பள்ளத்துக்குப் போனது. போர் என்று அவர்கள் சொல்கிற ஆழ்துளைக் கிணற்றைப் பங்காளி போட்டால், அதைவிட ஆழமாக இவர் போட்டார். தண்ணீர் வேண்டும் என்பதற்காக அல்ல. பக்கத்துத் தோட்டம் பச்சையாக நிற்கும்போது நம் தென்னை வாடினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? அந்த நாலு பேருக்காகத் தோண்டித் தோண்டி பூமிக்கடியில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. கடைசியில் குளிக்கிற தண்ணீருக்கும் லாரியை எதிர்பார்த்து நின்றார்கள். லாரி வரும்போதும், யார் வீட்டு டிரம் பெரியது என்று பார்த்துக்கொண்டார்கள்.

சட்டம் போட்டுப் பார்த்தாயிற்று, மீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. எதுவும் அந்த நாலு பேரை ஜெயிக்கவில்லை.

அப்போதுதான் ஆற்றுப்படுகை மீட்புக் குழுவின் தலைவர் ஆதிமூலம் மரகதவல்லியைத் தேடி வந்தார். அவள் அப்போது கண்டுபிடித்திருந்தது வேறு எதற்கோ ஆன மருந்து. பிறர் பார்வை பட்டாலே உடம்பெல்லாம் எரிவதுபோல் ஆகி வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் கிடக்கும் சிலருக்காக, மாதம் ஒருமுறை மூக்கில் விடுகிற சொட்டு. அது மூளையில் ஒரு சிறு இடத்தைத் தணித்துவிடும். பிறர் பார்ப்பது தெரியும், சுடாது. சில பெண்கள் பல வருடம் கழித்துக் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தார்கள். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஒரு ஊருக்கே போட்டா என்ன ஆகும் மேடம்?" என்று ஆதிமூலம் கேட்டார்.

செங்கரட்டில் ஊர்க்கூட்டம் போட்டு, சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் தூக்கினார்கள். தான் மட்டும் தூக்காமல் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றுதான் எல்லோரும் தூக்கினார்கள் என்பது மரகதவல்லிக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் சம்மதித்தாள்.

சொட்டு வேலை செய்தது. முதல் வருடத்திலேயே பிளக்ஸ் பேனர்கள் இறங்கின. கல்யாணங்கள் கட்டின வேட்டியோடு பதிவு அலுவலகத்தில் முடிந்தன. போர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இரண்டாம் வருடம் பள்ளம் கசிந்தது. இது மூன்றாவது வருடம். ஊரில் எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துச் சோதித்து, திட்டத்தை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோகலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இறங்கினாள். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. பெஞ்சில் இடம் விட்டு நகரவும் இல்லை. கடைக்காரர் மட்டும் பழைய நினைப்பில் அவளுக்காக ஒரு நாற்காலியை எடுத்தார்.

"ஏய்யா, உனக்கு இன்னும் சொட்டு ஏறலையா?" என்றார் பெஞ்சில் இருந்த நாச்சிமுத்து. ஒரு காலத்தில் ஊரிலேயே ஆழமான போர் அவருடையது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரர் முகம் சிவந்து, நாற்காலியை இருந்த இடத்திலேயே வைத்தார். மரகதவல்லி நின்றபடியே டீ குடித்தாள். அந்தப் பேச்சில் "ங்க" என்ற மரியாதை விகுதி ஒருமுறைகூட வரவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்கள் மாட்டிடம் பேசினாலும் "ங்க" போடுவார்கள் என்று அவள் முதலில் வந்தபோது வேடிக்கையாக நினைத்திருக்கிறாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். நான்கு நாள் ரத்தம் எடுத்தாள். வந்தார்கள், கையை நீட்டினார்கள், போனார்கள். குசலம் விசாரிக்கவில்லை, குறையும் சொல்லவில்லை. எடுத்ததை எல்லாம் பனிப்பெட்டியில் வைத்து அன்றன்றே கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள்.

கடைசி ஆளாக வந்தவர் சென்னியப்பன். தென்னந்தோப்புக்காரர், ஐம்பதை நெருங்கும் வயது. முதல் வருடம் அவள் வந்தபோது தோப்பைச் சுற்றிக்காட்டியவர். ரத்தம் எடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"என்ன, தலை சுத்துதா? உட்காருங்க."

அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கோணுமுங்க. இந்தச் சொட்டுக்கு மாத்து மருந்து ஒண்ணு இருக்குதுன்னு அன்னைக்கிக் கூட்டத்துல சொன்னீங்கல்ல? எனக்கு அதைக் குடுங்க."

"எதுக்கு?"

"எனக்கு அழுகை வரோணுமுங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எஞ்சம்சாரம் போன ஐப்பசியில தவறிட்டா. பூவாத்தா. உங்களுக்கு மோர் குடுத்தாளே, அவதான். இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கண்ணுல தண்ணி வரலீங்க. நெஞ்சுல என்னமோ கல்லை வெச்ச மாதிரி அப்படியே நிக்குது. சோறு எறங்குது, தூக்கம் வருது, எல்லாம் சரியாத்தான் இருக்குது. அழுகை மட்டும் வரமாட்டேங்குது."

"சென்னியப்பன், இந்தச் சொட்டு துக்கத்தைத் தொடாது. பிறர் என்ன நினைப்பாங்களோங்கற அந்தச் சூட்டை மட்டும்தான் தணிக்கும். அழுகைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

"இருக்குதுங்க," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவருக்குச் சொல்கிற தொனி. "எழவு வூட்டுக்கு நாலு பேரு வருவாங்க. உக்காந்து, எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. நாம சொல்லுவோம். அடுத்த ஆளு வந்து அதையே கேப்பாரு. மறுக்கா சொல்லுவோம். சொல்லச் சொல்லத்தானுங்க அது உண்மைன்னு நமக்கே தெரியும். எனக்கு யாரும் வந்து கேக்கலை. அன்னைக்கி நானும் எம்மச்சானும் ஆம்புலன்ஸ் டிரைவரும் மூணு பேருதான். பாடையைப் புடிக்கறதுக்கு நாலாவது கை இல்லாம மயானத்து ஆளைக் கூப்புட்டோம். சாயங்காலமே நான் தோப்புக்குப் போயி வால்வு அடைச்சுட்டு வந்துட்டேன்."

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று நிமிர்ந்து, "அவ்வளவுதானா? நான் போறேன்," என்று வேறு குரலில் சொன்னார். வந்தது மருந்து எடுக்க வந்த நர்ஸ். அவள் போனதும் மறுபடி குரல் இறங்கியது. "குடுங்க டாக்டரம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

மாற்று மருந்து பெட்டியில் இருந்தது. ஒவ்வாமை வந்தால் கொடுப்பதற்காகக் கொண்டுவந்தது. இப்படிக் கேட்பவருக்குக் கொடுக்கலாம் என்று எங்கேயும் விதி இல்லை, கூடாது என்றும் இல்லை. அவள் யோசித்தாள். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது. ஊசியைப் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் காலை அவர் விருந்தினர் விடுதிக்கே வந்துவிட்டார். பூவாத்தாளுக்கு அன்றைக்குச் செய்யாமல் விட்ட கருமாதியை நாளைக்குச் செய்யப் போவதாகவும், ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டதாகவும், அவளும் வர வேண்டும் என்றும் சொன்னார். "மாத்து மருந்து வேலை செய்யுதுங்க. காலையில எந்திரிச்சதும் பூவாத்தாளுக்கு இப்படி ஒண்ணுமே செய்யாம வுட்டுட்டமேன்னு மானக்கேடா இருந்துச்சு."

கருமாதி அன்று பதினொரு மணிக்கு அவள் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. வரிசை வரிசையாகத் தலைவாழை இலை. தென்னைக்கு ஊடே நின்ற வாழை இலையை எல்லாம் அறுத்துவிட்டார் போலிருந்தது. பின்கட்டில் அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும், பெரிய பானை நிறையப் பாயசமும். வெளியூரிலிருந்து வந்த சமையல்காரர்கள் கைகட்டி நின்றார்கள். சென்னியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில் பந்தல் முகப்பில் கும்பிட்ட கையோடு நின்றார்.

யாரும் வரவில்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. இலைகள் வெயிலில் சுருள ஆரம்பித்தன. தெருவில் போனவர்கள் பந்தலைத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் திரை மட்டும் இரண்டு முறை அசைந்தது. சென்னியப்பனின் கை கும்பிட்டபடியே இருந்தது. பிறகு அதைக் கீழே போட்டார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் வேட்டி மடிப்பைத் தடவினார்.

மரகதவல்லி எழுந்து போய், முதல் வரிசையில் முதல் இலைக்கு முன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். சமையல்காரர் பரிமாறினார். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். சென்னியப்பன் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் கேட்டாள். "எப்படிப் போனாங்க பூவாத்தா?"

"தோசை ஊத்திட்டு இருந்தாளுங்க. ரெண்டாவது தோசையைக் கல்லுல ஊத்திட்டு, என்னமோ மாதிரி இருக்குது, சித்தெ நேரம் உக்கார்றேன்னு சொன்னா. நான் போனைப் பாத்துட்டு, ம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். தோசை கருகற வாசம் வந்துதான் திரும்பிப் பாத்தேன். செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. கரண்டி கையிலயே இருந்துதுங்க, டாக்டரம்மா. கையிலயே இருந்துது."

அழுகை அப்போது வந்தது. முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது, பிறகு தெருவெல்லாம் கேட்கும்படி வாய்விட்டு அழுதார். அவள் பாயசம் வரை சாப்பிட்டு முடித்தாள். அவளுக்குச் செய்யத் தெரிந்த மரியாதை அந்த நேரத்தில் அது ஒன்றுதான். மாற்று மருந்து நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது ஆய்வகத்திலிருந்து ஷெரின் கூப்பிட்டாள். அவளிடம் பல வருடமாக வேலை பார்க்கிற பெண்.

"மேடம், நீங்க ஐஸ் பாக்ஸ் சரியா வெச்சீங்களா? சாம்பிள் எதுலயும் மருந்தே இல்ல."

"எதுலயும்னா?"

"எதுலயுமே. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். மருந்துக்குப் பதிலா எதிர்ப்புப் பொருள்தான் நிறைய இருக்கு. உடம்பு சொட்டைப் பழகிடுச்சு மேடம். போட்டதும் அடுத்த நாளே அழிச்சுடுது. அளவைப் பாத்தா இது ஒரு ஒன்றரை வருஷக் கதை."

"சென்னியப்பன்னு ஒரு பேர் இருக்கும். மாற்று ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தம்."

"இருக்கு. அவர்கிட்டயும் இல்ல. அப்ப மாத்தறதுக்கு என்ன மேடம் இருந்துச்சு அங்க?"

மரகதவல்லி போனை அணைத்துவிட்டுக் குழாயடியிலேயே நின்றாள். ஒன்றரை வருடம். பூவாத்தாள் செத்தது போன ஐப்பசியில்.

தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் தங்காயி. பூவாத்தாள் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்த அதே வருடம் வந்தவள். கண் வீங்கியிருந்தது.

"என்ன?" என்றாள், அந்த ஊரின் புதுக்குரலில்.

"உள்ள வரலாமா?"

கதவைச் சாத்தியதும் மரகதவல்லி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். சொட்டு ஒன்றரை வருடமாக யாருக்கும் வேலை செய்யவில்லை. உடம்பில் அதன் சுவடே இல்லை. மாதாமாதம் மூக்கில் விடுவது வெறும் தண்ணீருக்குச் சமம்.

தங்காயி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"எனக்கு மட்டும்தான் ஏறலைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க." குரல் உடைந்தது. "சாமி சத்தியமா, எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். அவ செத்தன்னைக்கி வாசப்படி வரைக்கும் வந்துட்டனுங்க. தெருவுல ஒரு சனம் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருக்குது. நான் மட்டும் ஓடிப்போயி மாரடிச்சா, இவளுக்கு இன்னும் சொட்டு ஏறலை பாரு, இன்னும் பழைய பட்டிக்காடுன்னு சிரிப்பாங்களேன்னு திரும்பி வந்துட்டேன். வந்து, டிவியச் சத்தமா வெச்சுட்டு அழுதேன். இன்னைக்கும் காலையில எந்திரிச்சு, புதுச் சீலை கட்டி, கட்டிலு மேல உக்காந்திருக்கறேன் பாருங்க."

உண்மைதான். அவள் கட்டியிருந்தது மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"பக்கத்து வீட்டுல?"

"தெரியிலீங்க. அவியளும் காலையில இருந்து சன்னல்லயேதான் நிக்கறாங்க."

மரகதவல்லிக்கு அப்போது முழுவதும் விளங்கியது. முதல் வருடம் மருந்து உண்மையிலேயே வெட்கத்தைத் தணித்தது. அந்த ஒரு வருடத்தில் ஊருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. அதற்குள் மருந்து போய்விட்டது, வெட்கம் திரும்பிவிட்டது. ஆனால் திரும்பி வந்த வெட்கம் வேறு பக்கம் உட்கார்ந்துகொண்டது. முன்பு விருந்து வைக்காதவன் தலைகுனிந்தான், இப்போது வைக்கிறவன் தலைகுனிகிறான். போரை மூடியதும் பள்ளத்தில் தண்ணீர் விட்டதும் அந்த நாலு பேர்தான். பூவாத்தாளைத் தூக்க ஆளில்லாமல் செய்ததும் அவர்களேதான்.

ஆதிமூலத்தைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"மேடம், நீங்க இதைக் கெட்ட செய்தின்னு சொல்றீங்களா? மருந்தே வேண்டாம், பேர் மட்டும் போதும்னு ஆகுது. மத்த ஊருக்கெல்லாம் வெறும் உப்புத்தண்ணியையே சொட்டுன்னு கொடுத்துடலாம். பக்கவிளைவு கிடையாது. ஆறு ஓடும்."

"ஆறு ஓடும். ஒருத்தர் செத்தா ஒருத்தர் போக மாட்டாங்க சார்."

"நான் கடுமையா பேசறேன்னு நினைக்காதீங்க. தண்ணி இல்லாம அந்த ஊரே காலியாகியிருந்தா அப்ப மட்டும் யார் போயிருப்பாங்க? எனக்கும் தூக்கம் இல்ல மேடம். இருபது வருஷமா செத்த ஆத்தைப் பாத்துட்டு இருக்கேன். முதல் தடவையா ஒண்ணு உயிரோட இருக்கு. அதைக் கெடுத்துடாதீங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குக் களைப்பாக இருந்தது.

"நான் ஊர்ல சொல்லப் போறேன்."

"ஒரு ஊருக்குச் சொல்லலாம். மத்த ஊருக்கெல்லாம் யார் போய்ச் சொல்லுவாங்க?" என்றார். போனை அவரே வைத்தார்.

அடுத்த நாள் சொட்டு போடுகிற நாள். காலையில் சுகாதார நிலையத்தின் முன்னால் வழக்கம்போல் வரிசை நின்றது. மரகதவல்லி வராந்தாப் படியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள், பயமுறுத்தாமலும் சொன்னாள். "உங்க எல்லாருக்கும் சொட்டு வேலை செய்யறது எப்பவோ நின்னு போச்சு. இவ்வளவு நாள் போரை மூடி வெச்சது நீங்க. துக்க வீட்டுக்குப் போகாம இருந்ததும் நீங்கதான். மருந்து இல்ல."

முகத்தை முகம் பார்க்கவும் கூசி எல்லோரும் முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்தார்கள். முதலில் நின்றவர் நாச்சிமுத்து. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி. சொட்டை வுடுங்க," என்று முகத்தை மேலே தூக்கினார்.

அவள் விட்டாள். அடுத்தவர் வந்தார். அவருக்கும் விட்டாள். இது தண்ணீர் என்று சொன்ன வாயால் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். கை வலித்தது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

தங்காயி முறை வந்தது. அதே புதுச் சேலை, இப்போது கசங்கியிருந்தது. முகத்தைத் தூக்கவில்லை.

"எனக்கு வேண்டாமுங்க," என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "நான் பூவாத்தா எழவுக்குப் போறனுங்க. அப்பவே போயிருக்கோணும்."

வரிசையிலிருந்து விலகி, படி இறங்கி, தெருவில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அடக்க முடியாமல் தலையில் கை வைத்து, "என்னப் பெத்த தாயீ" என்று சத்தமாக அழுதுகொண்டே போனாள். டீக்கடைக்காரர் வரிசையை விட்டு அவள் பின்னால் போனார். பிறகு இரண்டு பெண்கள். பிறகு யார் யார் என்று மரகதவல்லியால் பார்க்க முடியவில்லை. வரிசை அவிழ்ந்துவிட்டது.

மதியத்துக்குள் சென்னியப்பன் வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பூவாத்தாளுக்காக மட்டும் அல்ல. இந்த ஒன்றரை வருடத்தில் போகாமல் விட்ட எல்லாச் சாவுக்கும் சேர்த்து அழுதார்கள். சென்னியப்பன் சுவரோரம் உட்கார்ந்து, தோசைக்கல்லையும் கரண்டியையும் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அழுதவர்களே மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்பிட்டீங்களா, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஒருவரை ஒருவர் உபசரிக்க ஆரம்பித்தார்கள்.

கடைசியாக நாச்சிமுத்து வந்தார். சென்னியப்பனுக்குப் பங்காளி முறை. வாசலிலேயே துண்டை வாயில் பொத்திக்கொண்டு நின்று அழுதார். அழுது முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம வூட்டுப் பொம்பளைக்கு இப்படியா செய்யறது? சுத்துப்பட்டு ஊரையெல்லாம் கூப்புடோணும். இலை பத்தாதுன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. தண்ணிக்கு நீ ஒண்ணும் ரோசனை பண்ணாதே சென்னி, எம்போரைத் தொறந்து வுட்டர்றேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்துத் தோட்டத்து ஆளிடம் என்னவோ சொன்னார்.

பலர் தலையாட்டினார்கள். ஒருவர் தன் வீட்டு நெல்லைத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அதைவிட உசத்தியான நெல்லைத் தருவதாகச் சொன்னார். சென்னியப்பன் மரகதவல்லியை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. என்ன செய்யட்டும்?"

மூன்று வருடமாக இந்த ஊருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"எனக்குத் தெரியலை. நான் இன்னைக்குத் துக்கம் கேட்கத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் பெண்களோடு பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது தோட்டங்களின் பக்கமிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒரு இருமல், பிறகு சீராக, கனமாக ஒரு மோட்டார். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் யாரும் கேட்காத சத்தம். அழுகை ஒவ்வொன்றாக நின்றது. பூமிக்கடியில் எங்கோ ஆழத்திலிருந்து தண்ணீர் ஏறி வருவது எல்லோர் காதிலும் விழுந்தது. மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள்.

"அது யாரு மோட்டாரு?" என்றாள் தங்காயி.

அழுது கம்மிப்போன குரல். ஆனால் அதில், "சொட்டு ஏறலையா" என்று கேட்கிற அதே மிரட்டல் இருந்தது. முற்றத்தில் இருந்த எல்லா முகமும் மெல்லத் திரும்பியது. யாரும் நாச்சிமுத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். சட்டைப் பையைத் தடவிக்கொண்டே, "சிக்னல் கெடைக்கலை" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

கரண்ட் போயிருக்கும் என்று மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். தாழ்வாரத்துக் கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.